நானோ வெள்ளியா, மீநுண் வெள்ளியா?

காயத்துக்கு வைத்துக் கட்டும் துணி, நாற்றம் பிடிக்காத காலுறை, தண்ணீர் வடிகட்டி எனப் பல பொருள்களின் உறையில் இப்போது 'நானோ சில்வர்' என்ற பெயரைப் பார்க்கிறோம். பாக்டீரியாவைக் கொல்ல மிகச் சிறிய வெள்ளித் துகள்களைச் சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள். இதைத் தமிழில் எப்படி எழுதுவது?

'நானோ'வின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. 'நானோஸ்' என்றால் குள்ளன். 1960-ல் அனைத்துலக அலகு முறை வந்தபோது, நூறு கோடியில் ஒரு பங்கைக் குறிக்கும் முன்னொட்டாக அது இடம்பெற்றது. தமிழில் அதே பொருள் தரும் சொல் 'குறள்'. வாமனன் எடுத்தது குறளுரு. ஆனால் குறள் என்றாலே நமக்கு வள்ளுவர்தான் நினைவுக்கு வருவார் என்பதால், கலைச்சொல்லாக அது நிற்காது.

பலர் 'வெள்ளி நுண்துகள்' என்று எழுதுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. நுண்ணுயிர், நுண்ணோக்கி என்று 'நுண்' ஏற்கெனவே மைக்ரோ அளவுக்குப் போய்விட்டது. ஈ. கோலை பாக்டீரியாவின் நீளம் ஏறத்தாழ 2000 நானோமீட்டர். வெள்ளித் துகளோ 1 முதல் 100 நானோமீட்டர்தான். நுண்ணுயிரையும் விடச் சிறியதை 'மீநுண்' என்பதே சரி. 'மீ' என்றால் மேல், மிகுதி. ஆகவே மீநுண் வெள்ளித்துகள். பேச்சில் நானோ வெள்ளி என்றாலும் குற்றமில்லை.

இந்த அளவில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள வெள்ளிக் கட்டியின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 10 நானோமீட்டர் கனசதுரங்களாக நறுக்கினால் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீட்டர், அதாவது இரண்டரை கிரவுண்டுக்கு மேல். நிறமும் மாறிவிடும். வெண்மையால் பெயர் பெற்ற வெள்ளி, நீரில் மீநுண் துகளாக மிதக்கும்போது மஞ்சளாகத் தெரியும்.

மேற்பரப்பு பெருகப் பெருக, ஆக்சிஜன் பட்டு வெள்ளி அயனிகள், அதாவது மின்னேற்றம் பெற்ற வெள்ளி அணுக்கள், எளிதாகக் கசியும். பாக்டீரியாவைக் கொல்லும் வேலையைப் பெரும்பாலும் செய்வது இந்த அயனிகள்தான். புரதங்களில் உள்ள கந்தகத்தைப் பற்றிக்கொண்டு, பாக்டீரியாவின் சுவாச நொதிகளை முடக்குகின்றன. செல் சவ்வையும் குலைக்கின்றன. 2012-ல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தினர் ஆக்சிஜன் இல்லாத சூழலில் இதைச் சோதித்தார்கள். அயனி கசியவில்லை, ஈ. கோலையும் சாகவில்லை. துகளை அயனிகளின் கிடங்கு என்று புரிந்துகொண்டால் போதும்.

சென்னை ஐஐடியில் டி. பிரதீப் குழுவினர் 2013-ல் வெளியிட்ட நீர்வடிகட்டி ஆய்விலும் இதே வழிதான். நூறு கோடியில் சுமார் 40 பங்கு அளவுக்கே வெள்ளி அயனி நீரில் சீராகக் கசியும். கிருமிகளை ஒழிக்க அது போதும். அதற்காக, வெள்ளித் துகள் மிதக்கும் நீரை 'கூழ்ம வெள்ளி' என்று புட்டியில் விற்பதை வாங்கிக் குடிக்காதீர்கள். வெள்ளி உடம்பில் சேர்ந்தால் தோல் நீலச் சாம்பல் நிறமாகிவிடும். பெரும்பாலும் அது திரும்ப மாறாது. அர்ஜைரியா என்பது அதுதான்.

அப்புறம், 'ஆன்டிபாக்டீரியல்' என்பதற்கு எழுதும் 'பாக்டீரியா எதிர்ப்பு' என்ற தொடர். வெள்ளியைத் தாங்கி வாழும் பாக்டீரியாக்களும் உண்டு. 1975-ல் பாஸ்டன் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் அப்படி ஒரு சால்மொனெல்லா கண்டறியப்பட்டது. அந்தத் திறனையும் நாம் 'எதிர்ப்பு' என்றே சொல்வதால் குழப்பம் வருகிறது. எனவே வெள்ளியின் குணத்தைச் சொல்லும்போது 'பாக்டீரியக் கொல்லி' என்றே எழுதுங்கள்.