கொழுந்துக் கணக்கை 64 துண்டாக வெட்டாதீர்கள்

தேயிலைத் தோட்டக் கணக்கு டேட்டாபேஸ் திணறுகிறது என்று இந்த வருடம் எனக்கு வரும் மூன்றாவது அழைப்பு இது. ஒன்பதாம் திகதி இரவு ஹட்டனிலிருந்து ஒரு தம்பி: "அண்ணே, நாளைக்குச் சம்பளம். பேஸ்லிப் வரமாட்டேங்குது."

குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) எதையெல்லாம் படிக்கிறது என்று காட்டும் எக்ஸ்பிளெய்ன் கட்டளையைப் போடச் சொன்னேன். நிறுவை_0, நிறுவை_1 என்று திரை ஓடி, நிறுவை_63இல்தான் நின்றது. ஒரு மாதக் கொழுந்துக் கணக்குக்கு நிறுவை டேபிளின் 64 பார்ட்டிஷனையும் (வெட்டிய துண்டுகளையும்) முழுசாகப் படித்திருக்கிறது. தொழிலாளி இலக்கத்தை வைத்து வரிகளைத் துண்டுகளுக்குப் பரப்பிவிடும் ஹாஷ் பார்ட்டிஷன் போட்டிருந்தார்கள். ஏன் என்றேன். "டேபிளைப் பிரிச்சா வேகம்தானே அண்ணே?"

இல்லை தம்பி. பார்ட்டிஷன் என்பது இன்டெக்ஸ் (வேண்டிய வரி எங்கே என்று காட்டும் அட்டவணை) அல்ல. வெட்டுவதால் வேகம் வராது. வேண்டாத துண்டைத் தொடாமல் விடுவதால்தான் வரும். விட வேண்டுமானால், பிரித்த கொலம் குவெரியின் நிபந்தனையில் இருக்க வேண்டும். சம்பளக் குவெரி கேட்பது திகதியை, நீங்கள் வெட்டியது இலக்கத்தை. பிறகு எந்தத் துண்டை அது விடும்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 800 பேர், நாளுக்கு மூன்று நிறுவை, 25 நாள்: மாதம் 60,000 வரி, வருடம் 720,000. இதற்குப் பார்ட்டிஷனே வேண்டாம். டேபிள் சேர்வரின் ரேமை மிஞ்சும்போது யோசி என்பதுதான் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் கையேட்டின் பொதுக் கணக்கு.

பல தோட்டங்களின் பல வருடக் கணக்கு ஒரே டேபிளில் குவிகிறதா? அப்போது திகதியில் ரேஞ்ச் பார்ட்டிஷன் போடுங்கள், மாதத்துக்கு ஒரு துண்டு. பழைய வருடத்தை டிலீட் போட்டு இரவெல்லாம் காத்திருக்க வேண்டாம், அந்த வருடத் துண்டுகளை டிடாச் செய்தால் (கழற்றிவிட்டால்) போதும். எனக்குப் பிடித்த பலன் இதுதான், வேகம் அல்ல.

பிரைமரி கீயில் (ஒவ்வொரு வரியையும் தனியாக அடையாளம் காட்டும் கொலங்களில்) திகதியும் சேர வேண்டும், முதலிலேயே பாருங்கள். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் என்றால், பார்ட்டிஷன் போட்ட டேபிளில் ஃபொரின் கீ (வேறு டேபிளோடு இணைக்கும் கீ) கிடையாது. திகதிக் கொலத்தைச் சுற்றி மந்த் ஃபங்ஷன் போடாதீர்கள். 'இன்ன திகதி முதல் இன்ன திகதிக்கு முன்' என்று எழுதுங்கள். அடுத்த மாதப் பார்ட்டிஷனை முன்கூட்டியே உருவாக்குங்கள். இல்லாவிட்டால் முதலாந்திகதி காலை நிறுவையே உள்ளே போகாது, தராசடியில் கூடையோடு நிற்பவர்களுக்கு யார் பதில் சொல்வது? எந்தத் துண்டிலும் சேராத வரிகள் விழும் டிஃபோல்ட் பார்ட்டிஷனை நம்பி விட்டுவிட்டால், அதில் விழுந்த வரிகளை எடுக்காமல் அந்த மாதப் பார்ட்டிஷனை உருவாக்க விடாது.

அன்றிரவு 64 துண்டையும் ஒட்ட நேரமில்லை. திகதி இன்டெக்ஸ் போட்டோம், அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) கணக்குச் சரிபார்த்து, விடிய முன் பேஸ்லிப் அச்சாகிவிட்டது. ஒட்டுவதை 15ஆம் திகதிக்குத் தள்ளியிருக்கிறோம். தயவுசெய்து அதுவரை யாரும் புதிதாக எதையும் வெட்டாதீர்கள்.