அடிக்கல்லுக்குத் தேதி குறிக்கும் முன்

லுத்தரன் சபைகளில் ஆலயம் கட்டும் வேலை பெரும்பாலும் ஒரு தேதியிலிருந்துதான் கிளம்புகிறது. பேராயர் வரும் நாளோ சபையின் நூற்றாண்டோ முடிவாகும், அன்றைக்கே அடிக்கல் என்பார்கள். வரைபடம் அதற்குப் பிறகு. மண் பரிசோதனை அதற்கும் பிறகு, சில ஊர்களில் அஸ்திவாரக் குழி தோண்டி முடித்த பிறகு. லிண்டல் மட்டத்தோடு நின்று, மேலே நீட்டிய கம்பி துருவேறிக் கிடக்கும் ஆலயத்தைக் காட்டி ‘காசு வரவில்லை’ என்பார்கள். கணக்கு நோட்டைப் புரட்டினால் காசு வந்திருக்கும், கோபுரத்துக்குப் போயிருக்கும்.

முதலில் நிலம். தமிழ்ச் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை 1919-இல் உருவானது. அதற்கு முந்தைய பத்திரங்களில் லைப்சிக் மிஷன் என்றும், அதற்குப் பிறகு சுவீடன் மிஷன் என்றும் பெயர் வரக்கூடும். ஆற்காடு லுத்தரன் பக்கம் என்றால் டேனிஷ் மிஷன், ஆம்பூர், நாகர்கோவில் பக்கம் இந்தியச் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை என்றால் மிசௌரி மிஷன். பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர்கள், அல்லது அவர்களிடம் முறையாக அதிகாரம் பெற்றவர்கள்தான் கட்டட அனுமதி விண்ணப்பத்தில் கையெழுத்திட முடியும். உள்ளூர்க் கமிட்டிச் செயலாளரின் கையெழுத்து அங்கே எடுபடாது. மூலப்பத்திரம், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, அ-பதிவேடு (கிராம நிலப் பதிவேடு), புல வரைபடம் ஐந்தையும் ஒரே மேசையில் வைத்து சர்வே எண்ணையும் பரப்பையும் ஒத்துப் பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் சர்வேயரை அழைத்து அளந்து கல் நட்ட பிறகே அடுத்த வேலை.

தமிழ்நாட்டில் பொது வழிபாட்டுக் கட்டடத்துக்கு மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி தேவை. 1997-ஆம் ஆண்டு ஊராட்சிக் கட்டட விதிகளில் 4(3) என்ற உட்பிரிவே இதற்காக இருந்தது. வீட்டு பிளான் என்று காட்டி அனுமதி வாங்கிவிட்டு உள்ளே பீடம் கட்டுவது சுலபமாகத் தெரியும். ஒரே ஒரு புகார் மனு வந்தால் போதும், கூரை போடும் நேரத்தில் வேலை நின்றுவிடும். இருந்த ஆலயத்தை இடித்துவிட்டு அதே இடத்தில் கட்டுகிறவர்களிடம், முன்பு அங்கே ஆலயம்தான் இருந்தது என்பதற்கு ஆதாரம் இருக்க வேண்டும். நாலு பக்கமும் எடுத்த புகைப்படம், வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, பழைய ஞானஸ்நானப் பதிவேட்டின் நகல் எல்லாவற்றையும் கடப்பாரை படுவதற்கு முன்பே கோப்பில் சேர்த்துவிடுங்கள்.

வெளிநாட்டுக் காணிக்கையில் பலரும் தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். துபாயில் வேலை பார்க்கும் சபையார் இந்தியக் குடியுரிமையோடு இருந்தால், தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவருடைய தம்பி சிங்கப்பூர்க் குடிமகன் ஆகிவிட்டிருந்தால் அவர் அனுப்புவது வெளிநாட்டு நன்கொடைதான், அவர் நம் ஊரில் பிறந்து திடப்படுத்தல் எடுத்தவராக இருந்தாலும் சரி. அதைப் பெற எஃப்.சி.ஆர்.ஏ. எனும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவும் டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையில் அதற்கென்ற கணக்கும் வேண்டும். அந்தச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு, பதிவுள்ள ஓர் அமைப்பு வாங்கி உங்களுக்கு மாற்றித் தருவதற்கும் வழியில்லை. கட்டட நிதிக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள், அதற்கு இரண்டு பேர் கையெழுத்து இருக்கட்டும்.

அடுத்து அளவு. கிறிஸ்துமஸ் கூட்டத்தை மனதில் வைத்து ஆலயம் கட்டாதீர்கள். ஓராண்டின் ஞாயிறு வருகையைக் கூட்டிச் சராசரி எடுங்கள், அதோடு கால் பங்கு சேருங்கள். பண்டிகைக் கூட்டத்துக்குப் பக்கவாட்டில் அகலக் கதவுகளும் அவற்றை ஒட்டி பந்தல் போட இடமும் போதும். பெஞ்சு என்றால் ஒருவருக்கு 18 அங்குலம், வரிசைக்கு வரிசை 3 அடி. பாய் விரித்து உட்காரும் சபை என்றால் ஒருவருக்கு ஆறு சதுர அடி. நடுப்பாதை 5 அடி, இரு பக்கமும் 3 அடி.

பக்கப் பாதையை மிச்சம் பிடிப்பவர்கள் திருவிருந்து ஞாயிறன்று வருந்துவார்கள். ஆலயத்தின் முன்பகுதியைத் தீர்மானிப்பது பீடக் கிராதியின், அதாவது திருவிருந்து வாங்க முழங்காலிடும் தடுப்பின், நீளம். முழங்கால் போடும் ஒருவருக்கு 2 அடி வேண்டும். 16 அடிக் கிராதியில் எட்டுப் பேர். 200 பேர் திருவிருந்து வாங்கும் சபைக்கு இருபத்தைந்து பந்தி. வந்து முழங்காலிட்டு, அப்பமும் ரசமும் வாங்கி, ஆசீர்வாதம் பெற்று எழ மூன்று நிமிடம் வைத்தால் ஒன்றேகால் மணி நேரம். அதே கிராதியை 28 அடியாக்கினால் பதினைந்து பந்தியில், முக்கால் மணியில் முடியும். முன்பகுதி குறுகலாக இருந்தால் கிராதியை ‘ப’ வடிவில் மடக்கலாம். பீடத்துக்கும் கிராதிக்கும் நடுவில் 5 அடி விடுங்கள். போதகரான ஐயர் அப்பத்தட்டோடும் உதவிக்காரர் கிண்ணத்தோடும் ஒருவரையொருவர் இடிக்காமல் நகர வேண்டும். நடுவழியாக ஏறி, பக்கவழியாக இறங்குவது என்று ஓட்டம் அமைந்தால்தான் பந்தி தடையில்லாமல் போகும். முழங்கால் படிக்கு கிரானைட் போடும் மோகம் இப்போது அதிகம். வயதானவர்களின் முழங்காலைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

ஒப்பந்தத்தில் நாங்கள் அதிகம் பார்க்கும் தவறு சதுர அடிக் கணக்கு. ஊரில் பேசப்படும் சதுர அடி விலை 10 அடி உயர வீட்டுக்கானது. ஆலயச் சுவர் 20 அடிக்கு மேல் போகும். அதே தரைப்பரப்புக்குச் சுவர், பூச்சு, சாரம், பெயின்ட் எல்லாம் இரட்டிப்பு. மேஸ்திரி வீட்டு விலைக்கு ஒப்புக்கொள்வார், பாதியில் அவர் கணக்கு உதைக்கும், வேலை தேயும். கோபுரத்தின் ஒவ்வொரு நிலையையும் சதுர அடியில் சேர்ப்பதா என்ற தகராறும் அங்கேதான் வெடிக்கும். வேலைவாரி விலை பேசுங்கள். கன அடி கான்கிரீட் இவ்வளவு, சதுர அடி பூச்சு இவ்வளவு, கிலோ கம்பி கட்ட இவ்வளவு என்று எழுதி, அளவுப் புத்தகத்தில் இருவரும் கையெழுத்திட்ட பிறகே பட்டுவாடா.

கோபுரத்தைக் கடைசியில் கட்டலாம். ஆனால் அதன் அஸ்திவாரத்தை முதலிலேயே தனியாகப் போட்டுவிட வேண்டும். கோபுரம் கனம், ஆலயக் கூடம் இலேசு. காவிரி டெல்டாக் களிமண்ணில் இரண்டும் ஒரே அளவு இறங்காது. ஒட்டிக் கட்டினால் வாசல் வளைவுக்கு மேலே சாய்வாக ஒரு வெடிப்பு விழும். பட்டி வைத்து அடைப்பார்கள், அடுத்த கோடையில் மறுபடி திறக்கும். இரண்டுக்கும் நடுவில் 25 மில்லிமீட்டர் இணைப்பு இடைவெளி விட்டு, மேலே தகடு மூடி விட்டால் அவை தனித்தனியே இறங்கிக்கொள்ளும். மண் பரிசோதனைக்கு மூன்று குழியாவது போடுங்கள், ஒன்று கோபுரத்தடியில். தரங்கம்பாடியில் லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் 1707-இல் கட்டிய முதல் எருசலேம் ஆலயத்தைக் கடல் கொண்டுபோனது. 1718-இல் பிரதிஷ்டையான புதிய எருசலேம் ஆலயம் இன்றும் ஆராதனையில் இருக்கிறது. இடத்தேர்வு எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் கடற்கரையிலேயே சாட்சி இருக்கிறது.

அந்தக் கரையோரத்தில் போர்த் தண்ணீரைச் சோதிக்காமல் கான்கிரீட் கலக்கவே கூடாது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. உப்புக்காற்று நேரடியாகப் படும் இடத்தில் எம்-30 தரக் கான்கிரீட், கம்பிக்கு 45 மில்லிமீட்டர் கவர், அதாவது கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட் கனம். கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லியைச் சொருகும் பழக்கத்தை முதல் நாளே தடுங்கள். 30 அடி பீமுக்கு அடியில் கொடுத்த முட்டுக்கால்களை 21 நாளுக்கு முன்பு எடுக்கக் கூடாது. பிரதிஷ்டைத் தேதி நெருங்கும்போது முதலில் பலியாவது இந்த 21 நாள்தான்.

இனி, எல்லா சபைகளும் கடைசியில் வந்து கேட்கும் சங்கதி: எதிரொலி. 60 அடி நீளம், 30 அடி அகலம், 24 அடி உயரக் கூடம் சுமார் 1,220 கன மீட்டர். பூசிய சுவர், டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை எல்லாம் சேர்ந்து 22 சதுர மீட்டர் அளவுக்கே ஒலியை விழுங்கும். ஒரு ஆள் ஏறக்குறைய 0.45 சதுர மீட்டர் அளவுக்கு விழுங்குவார். கன அளவை 0.161-ஆல் பெருக்கி, விழுங்கும் பரப்பால் வகுத்தால் ஒலி அடங்கும் நேரம் விநாடியில் வரும். ஜன்னலைச் சாத்திவைத்து 200 பேர் உட்கார்ந்தால் ஒன்றேமுக்கால் விநாடி, பிரசங்கம் புரியும். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலப் புதன் மாலையில் 40 பேர் என்றால் ஐந்து விநாடி. ஒரு வார்த்தை அடங்குவதற்குள் அடுத்த நாலு வார்த்தை வந்து மேலே விழும். 4-க்கு 5 அடியில் பன்னிரண்டு ஜன்னலைத் திறந்தால் அதே 40 பேருக்கு மூன்றேகால் விநாடியாக இறங்கும், திறந்த ஜன்னலைப் போல ஒலியை விழுங்குவது வேறில்லை. அதனால்தான் ஏ.சி. போட்ட பிறகு ‘மைக் சரியில்லை’ என்ற புகார் கிளம்புகிறது. விலை உயர்ந்த ஸ்பீக்கர் வாங்கி இதைத் தீர்க்க முடியாது. பீடத்துக்கு எதிர்ச் சுவரிலும் கூரையின் பின்பாதியிலும் ஐம்பது சதுர மீட்டர் ஒலி விழுங்கும் பலகை போட்டால், சாத்திய கூடத்தில் அந்த 40 பேருக்கு இரண்டரை விநாடி அளவுக்கு வரும். 1544-இல் லுத்தர் பிரதிஷ்டை செய்த, ஜெர்மனியின் டோர்காவ் சிற்றாலயத்தில் பிரசங்க பீடம் நீளச்சுவரின் நடுவில் இருக்கிறது. மைக் இல்லாத காலத்தில் வசனம் எல்லார் காதிலும் விழ வேண்டுமே என்ற கவலை அவர்களுக்கு இருந்தது.

பழைய சுண்ணாம்புச் சாந்து ஆலயம் இருந்தால் இடிக்குமுன் ஒருமுறை யோசியுங்கள். அதன் சுவரில் உப்புப் பூப்பதற்குக் காரணம் பல இடங்களில் வயதல்ல, பிற்பாடு போட்ட சிமென்ட் பூச்சு. சுவருக்குள் ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கிறது. சிமென்ட்டைக் கொத்தி எடுத்து, கடுக்காய், வெல்லத் தண்ணீர் கலந்த சுண்ணாம்புச் சாந்தே பூசினால் பெரும்பாலும் சரியாகும். உத்திரம் சுவருக்குள் நுழையும் முனைகளை ஆணியால் குத்திப் பாருங்கள். கரையான் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

ஒப்பந்ததாரரின் ஒவ்வொரு பில்லிலும் ஐந்து சதவீதத்தைப் பிடித்து வையுங்கள். பிரதிஷ்டை ஆராதனையில் சால்வை போட்டுக் கையோடு பாக்கியையும் கொடுத்துவிடும் வழக்கத்தை விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஒரு முறை கூரை மேல் அடித்து ஓயட்டும். தை மாதம் கமிட்டியில் இரண்டு பேர் டார்ச்சோடு ஏறி, கோபுரமும் கூரையும் சேரும் மூலையையும், தண்ணீர்க் குழாய் வாயையும், பீடத்துக்கு மேலே உள்ள சீலிங்கையும் பார்த்துவிட்டு வந்த பிறகு செக் எழுதினால் போதும்.