தூக்கத்தில் பல் கடிப்பது: தேய்மானத்தை மட்டும் நம்பலாமா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் கிளினிக்குக்குத் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். “ராத்திரி பூரா நறநறன்னு பல்லைக் கடிக்கிறாரு டாக்டர். பூச்சி மாத்திரை ரெண்டு தடவ குடுத்தும் நிக்கல” என்றார் மனைவி. கணவரோ, “நானா? கடிக்கவே மாட்டேனே” என்றார். அவரும் பொய் சொல்லவில்லை. தூங்குகிறவருக்குத் தான் கடிப்பது பெரும்பாலும் தெரியாது.

வயிற்றுப் பூச்சிதான் காரணம் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. தூக்கத்தின் நடுவே மூளை சில நொடிகள் லேசாக விழிக்கிறது. இதயத் துடிப்பு கூடுகிறது. அதையொட்டித் தாடைத் தசை இறுகி இறுகித் தளர்கிறது. மன அழுத்தம், புகை, மது, காபி, சில மனச்சோர்வு மருந்துகள் இதைக் கூட்டும்.

அவர் வாயைப் பார்த்தேன். கடைவாய்ப் பற்களின் மேடுகள் தட்டையாகியிருந்தன. கன்னத்தின் உட்புறம் வெள்ளைக் கோடு, நாக்கின் ஓரத்தில் பல் தடம். பல் கடிப்பதற்கான அடையாளங்கள்தான். ஆனால் 20 வருடமாக வெற்றிலை பாக்கு போடுகிறவர் அவர். பாக்கு மென்றாலும் பல் தேயும், தாடைத் தசை பருக்கும். எதுக்களித்து வரும் அமிலமும் பல்லைக் கரைக்கும். அதோடு, தேய்ந்த பல் பழைய கணக்கு. போன வாரம் தேய்ந்ததா, பத்து வருடம் முன்பா என்று அது சொல்லாது. இதை வைத்தே எல்லாப் பல்லையும் ராவி கேப் போடச் சொல்வது எனக்குச் சம்மதமில்லை. ராவிய பல் திரும்ப வளராது.

பல் மருத்துவ வல்லுநர்கள் 2013-இல் இதற்கு மூன்று படி வகுத்தார்கள். நோயாளியோ வீட்டாரோ சொல்வதை மட்டும் வைத்தால் ‘இருக்கலாம்’. வாயிலும் அடையாளம் தெரிந்தால் ‘பெரும்பாலும் இருக்கிறது’. கருவியால் அளந்தால்தான் ‘உறுதி’.

அளப்பது எப்படி? கன்னத்துத் தசைமேல் மின்முனை ஒட்டி இரவு முழுவதும் பதிவு செய்வார்கள். வீட்டிலேயே மாட்டிக்கொள்ளும் சிறு கருவிகளும் உண்டு. ஆனால் விழுங்குவது, இருமுவது, உளறுவது எல்லாம் அதில் பல் கடிப்பது போலவே பதிந்துவிடும். அதனால்தான் தூக்க ஆய்வுக்கூடத்தில் மூளை அலை, மூச்சு, இதயத் துடிப்பு ஆகியவற்றோடு வீடியோவும் ஒலியும் சேர்த்துப் பதிகிறார்கள். தாடை இறுகும் தொடர்கள் மணிக்கு 2 முதல் 4 வரை என்றால் லேசு, 4-க்கு மேல் போனால் அதிகம் என்று ஆய்வுகளில் கணக்கிடுகிறார்கள். ஒரு நாள் கடித்தவர் மறுநாள் அவ்வளவு கடிக்காமலும் இருப்பார். ஓர் இரவுப் பதிவு சிலருக்குப் போதாது.

எல்லாருக்கும் இந்த ஆய்வு தேவையில்லை. இவருக்கு எடுக்கச் சொன்னேன். காரணம், மனைவி போகிற போக்கில் சொன்ன ஒரு வார்த்தை: “குறட்டை வேற, நடுவுல மூச்சே நின்னுபோவுது.” மூச்சுத் தடையோடு பல் கடிப்பதும் சேர்ந்து வருவதுண்டு. பல்லைக் காக்க இரவில் பல்லின் மேல் மாட்டும் உறையான நைட் கார்டு, கடிப்பதை நிறுத்தாது. மூச்சுத் தடை உள்ள சிலருக்கு அது மூச்சை இன்னும் மோசமாக்கவும் கூடும். அதனால் நைட் கார்டுக்கு அளவெடுக்காமல், முதலில் புதுச்சேரிக்குத் தூக்க ஆய்வுக்கு அனுப்பினேன்.

சிப்காட்டில் இரவு ஷிப்ட் பார்த்துப் பகலில் தனியாகத் தூங்குகிறவர்களுக்குக் கடிக்கும் சத்தத்தைக் கேட்க ஆளே இல்லை. அவர்களைச் சில நாள் செல்போனில் ஒலி பதிந்து வரச் சொல்கிறேன். சத்தம் பதியாவிட்டால் கடிக்கவில்லை என்று ஆகாது. சத்தமில்லாமல் இறுக்குகிறவர்கள் நிறைய. காலையில் தாடை வலிக்கிறதா, நெற்றிப்பொட்டு வலிக்கிறதா என்பதையும் கூடவே எழுதி வாருங்கள்.