இம்பாலாவை மூன்று மில்லிமீட்டர் இறக்குவது எப்படி?

கோவை கணபதிப் பக்கம் வார்ப்புக்கான மாதிரி உருவங்களைச் செய்யும் ஒரு பேட்டர்ன் பட்டறைக்குப் போய், அங்கே புழங்கும் ஸ்கேலைச் சாதாரண ஸ்கேலின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாது. பட்டறை ஸ்கேலில் ஒரு மீட்டர் என்று கோடு போட்ட இடம் சுமார் ஒரு சென்டிமீட்டர் தள்ளியிருக்கும். வார்ப்பிரும்பு உறைந்து ஆறும்போது ஏறக்குறைய 1 சதவீதம் சுருங்கும். அந்தச் சுருக்கத்தை ஸ்கேலிலேயே முன்கூட்டிச் சேர்த்துவிடுகிறார்கள். பவுண்டரி ஊருக்கு இது பழைய சங்கதி.

பாகங்களை ஒட்டி நாமே கட்டும் பிளாஸ்டிக் மாடல் கார் கிட்டும் இதே கணக்கில்தான் பிறக்கிறது. 1964ஆம் ஆண்டு செவ்ரோலெட் இம்பாலாவின் நீளம் சுமார் 5.33 மீட்டர். 1/25 அளவில் அது 213 மில்லிமீட்டர். உருகிய பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் அச்சுக்குள் ஆறும்போது அரை சதவீதம் போலச் சுருங்கும் என்பதால், எஃகு அச்சை ஒரு மில்லிமீட்டர் பெரிதாக வெட்டியாக வேண்டும். ஒரு மில்லிமீட்டர்தானே என்று விட்டுவிட முடியாது. இந்த அளவில் அது நிஜக் காரின் ஒரு இன்ச்.

இம்பாலா கிட்டை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அதைப் பெட்டியில் இருக்கிறபடி கட்டுவதில்லை. தரையோடு தரையாக இறக்கிக் கட்டத்தான் ஆசைப்படுவார்கள். கலிஃபோர்னியாவின் மெக்சிக்க அமெரிக்க இளைஞர்கள் வளர்த்த பாணி இது. சக்கர ரிம்மின் அடிமட்டத்துக்குக் கீழே காரின் எந்தப் பாகமும் இருக்கக் கூடாது என்று அந்த மாநிலம் 1958இல் சட்டம் போட்டது. அடுத்த ஆண்டே ரான் அகிரே என்பவர் தன் கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரில் ஹைட்ராலிக் பம்பு வைத்து, வேண்டும்போது ஏற்றி இறக்க வழி கண்டுபிடித்துவிட்டார். நம் நாட்டில் நிஜக் காரில் இந்த விளையாட்டு நடக்காது. தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டத்தை விடுங்கள், நம் ஊர் வேகத்தடைகளே விடாது. ஆகவே மேஜை மேல் செய்து பார்ப்போம்.

நிஜக் காரில் மூன்று இன்ச் இறக்கம் என்றால் கிட்டில் மூன்று மில்லிமீட்டர். ஸ்பிரிங்கைக் கொஞ்சம் வெட்டினால் போதும் என்று முதலில் தோன்றும். நிஜக் காரில் அது பலிக்கும். கார் தன் எடையால் ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு நிற்கிறது. மாடலில் ஸ்பிரிங் வெறும் பிளாஸ்டிக் அலங்காரம். சரி, எஃகுக் கம்பியில் குட்டி ஸ்பிரிங் சுற்றி வைத்தால்? அதுவும் நடக்காது. காரணம் சுவாரசியமானது. எல்லா நீளங்களையும் 25இல் ஒரு பங்காக்கினால் எடை 25 × 25 × 25, அதாவது 15,625இல் ஒரு பங்காகிவிடும். ஆனால் ஸ்பிரிங்கின் விறைப்பு வெறும் 25இல் ஒரு பங்குதான் குறையும். எனவே அமுங்கும் தூரம் 625இல் ஒரு பங்காகிறது. நிஜக் காரில் 150 மில்லிமீட்டர் அமுங்கும் ஸ்பிரிங், மாடலில் அளவுப்படி 6 மில்லிமீட்டர் அமுங்க வேண்டும். அமுங்குவதோ கால் மில்லிமீட்டர்கூட இல்லை. மாடல் காருக்குத் தன் எடை தெரியாது.

ஆகவே நாம் காரை இறக்குவதில்லை, அச்சாணியைத்தான் ஏற்றுகிறோம். பழைய பாணிக் கிட்டுகளில் ஒரு இரும்புக் கம்பி, காரின் அடிச்சட்டமான சேஸிஸின் இரு பக்கத் துளைகள் வழியாகப் போய் முன்சக்கரங்களைத் தாங்கும். அந்தத் துளைகளைப் பிளாஸ்டிக் துண்டால் அடைத்து, மூன்று மில்லிமீட்டர் மேலே புதிதாகத் துளைக்க வேண்டும். கம்பி இன்ஜினை இடித்தால் இன்ஜின் அடியில் ஒரு பள்ளம் வெட்டிவிடலாம். பின்பக்கம் ஸ்பிரிங் துண்டுகளையே குட்டையாக்கிவிடலாம்.

அடைத்த துண்டு ஒட்டும் விதம் ஃபெவிகால் ஒட்டுவது மாதிரி இல்லை. கிட்டுக்கான மெல்லிய பசையில் இருப்பது பெரும்பாலும் அசிட்டோன், பியூட்டைல் அசிட்டேட் போன்ற கரைப்பான்கள். இரண்டு துண்டுகளைச் சேர்த்துப் பிடித்து இடுக்கில் பிரஷ் நுனியை வைத்தால், நுண்துளை ஈர்ப்பால் திரவம் தானே உள்ளே ஓடும். இருபுறத்துப் பாலிஸ்டைரீனும் இளகி, அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொள்ளும். கரைப்பான் ஆவியானதும் அது ஒரே பிளாஸ்டிக். கிட்டத்தட்ட வெல்டிங். குரோம் பூசிய பம்பரில் மட்டும் இது வேலைக்காகாது. மேலே இருக்கும் அலுமினியப் படலத்தைச் சுரண்டிவிட்டால்தான் கரைப்பானுக்குப் பிளாஸ்டிக் கிடைக்கும்.

இவ்வளவும் செய்து சக்கரத்தை மாட்டினால் டயர், சக்கரத்தை மூடும் ஃபெண்டரின் உள்பக்கம் முட்டும். நிஜக் காரில் அங்கே இடம் இருந்ததே? காரின் தகடு சுமார் 0.8 மில்லிமீட்டர். 25ஆல் வகுத்தால் 0.03. அவ்வளவு மெல்லிய இடுக்கில் பிளாஸ்டிக்கைச் செலுத்தி வார்க்க முடியாது என்பதால் கிட்டின் சுவர் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். அதாவது ஒரு இன்ச் தகட்டில் செய்த கார். வெளி அளவு சரியாக இருக்க வேண்டுமானால் திருடப்படுவது உள்ளிடம்தான். சக்கர வளைவின் உள்பக்கத்தை உப்புத்தாளாலும் கத்தி முனையாலும் சுரண்டி மெலிதாக்க வேண்டும். கைவிளக்கை வெளியே பிடித்துப் பார்த்து, வெளிச்சம் கசியத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள். பொறுமை கெடும் வேலைதான். ஆனால் இறக்கிய மாடல்களில் நன்றாக அமைந்ததையும் சொதப்பியதையும் பிரிப்பது பெரும்பாலும் இந்த வளைவுதான் என்பது என் கணிப்பு.

பெயின்டுக்கு முன் ஒரு சோதனை. மாடலைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து, ஒவ்வொரு டயருக்கு அடியிலும் ஒரு காகிதத்தை நுழைத்துப் பாருங்கள். ஒன்றின் கீழ் நுழைந்தால் ஏதோ ஒரு மூலையில் உயரம் தவறியிருக்கிறது.

பெயின்டிலும் அதே அளவுத் தகராறு. நிஜக் காரின் பெயின்ட் மொத்தமாக 0.1 மில்லிமீட்டர் அளவுக்கு இருக்கும். நாம் மாடலில் அடிப்பதும் கிட்டத்தட்ட அதே கனம். ஆனால் மாடலின் கதவு இடைவெளியே 0.16 மில்லிமீட்டர்தான். அதனால் அந்தக் கோடுகளை முதலிலேயே ஆழமாகக் கீறிவிட வேண்டும். இல்லாவிட்டால் கதவு மூழ்கிவிடும். டிங்கரிங் பட்டறையில் கிடைக்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் கலந்த பெயின்டைக் கனமாக அடித்தால் பாலிஸ்டைரீன் வெடித்துச் சொரசொரக்கும். பிரைமர் அடித்து, பிறகு மெல்லிய தூறல்களாக அடிக்கலாம்.

ஆடியில் அடிக்காதீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் பெயின்ட் துளிகள் பறந்துவரும்போதே பாதி காய்ந்து, பரவிச் சமமாகாமல் ஆரஞ்சுத் தோல் போலப் படியும், கூடவே தூசி. ஐப்பசி மழையில் வேறு சிக்கல். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன் மேல் படிந்து பெயின்ட் வெளுத்துப்போகும். மாசி மாதத்தில் காற்று ஓய்ந்த ஒரு காலை நேரம் வசதியானது. வெயில் ஏறுவதற்குள் முடித்து, காயும்வரை ஒரு அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள்.