கோரியோகிராபி: ஆடலமைப்பு

நம் அழைப்பிதழ்களிலும் திரைப்படப் பெயர்ப்பட்டியல்களிலும் கோரியோகிராபி என்பதற்கு ‘நடனம்’ என்றே பெரும்பாலும் அச்சிடுகிறார்கள். ஆடுவது நடனம், ஆடவேண்டியதைக் கட்டி அமைப்பது வேறு வேலை என்பதால், அந்த ஒற்றைச் சொல் போதாது.

கிரேக்க மொழியில் ‘கோரெயா’ என்றால் பலர் சேர்ந்தாடும் ஆட்டம், ‘கிராபெயின்’ என்றால் எழுதுதல். நாம் அன்றாடம் சொல்லும் கோரசும் அதே வேரில் பிறந்ததுதான். 1700ஆம் ஆண்டில் பாரிசில் ரவுல் ஓஜே ஃபையே என்னும் நடன ஆசிரியர், அடிவைப்புகளைக் குறியீடுகளாகத் தாளில் எழுதும் முறையை நூலாக்கி அதற்குக் கோரியோகிராபி என்ற பெயரையே சூட்டினார். ஆடலைப் புதிதாக ஆக்கும் கலை என்ற இன்றைய பொருள் பின்னால் ஏறியது.

நவீன நடனம் அப்பொருளை இன்னும் விரித்தது. அமெரிக்காவில் மெர்ஸ் கன்னிங்காம் ஆடலையும் ஜான் கேஜ் இசையையும் தனித்தனியே ஆக்கி அரங்கில்தான் ஒன்றுசேர்த்தார்கள். ஓவியர் ராபர்ட் ரவுசன்பர்க் அவர்களுடைய குழுவுக்கு அரங்கப் பொருள்களும் உடைகளும் வடிவமைத்தார். ஒருவர் ஏவ மற்றவர் செய்யும் முறை அங்கே இல்லாததால், ‘நடன இயக்குநர்’ என்ற சொல்லும் இத்தகைய ஆக்கங்களுக்குப் பொருந்துவதில்லை.

இந்தக் கூட்டுழைப்பு நமக்குப் புதிதன்று. தருமபுரி வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில் திடலில் பாரதக் கூத்தை முன்வரிசையில் அமர்ந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும்: கர்ணன் வேடக்காரர் கிறுக்கி என்னும் சுழலாட்டம் ஆடும்போது மிருதங்கக்காரர் அவர் கால்களையே பார்த்து வாசிக்கிறார், சுற்று முடியும் இடத்தில் கூத்து வாத்தியார் தாளத்தை அழுத்தித் தட்ட, அந்த நொடியில் பின்பாட்டு எழுகிறது. அந்த அடவை அமைத்தவர் யார் என்று கேட்டால் ஒருவரை மட்டும் எப்படிச் சுட்டுவது?

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையும் மாதவியின் ஆடலுக்குப் பின்னால் ஆடலாசான், இசையாசிரியன், புலவன், தண்ணுமை என்னும் தோற்கருவியை முழக்கும் தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என அறுவரை நிறுத்தி, ஒவ்வொருவருக்கும் இருக்கவேண்டிய தேர்ச்சியைத் தனித்தனியே விரித்துரைக்கிறது.

எனவே கோரியோகிராபியை ஆடலமைப்பு என்றும், அதைச் செய்பவரை ஆடலமைப்பாளர் என்றும் வழங்குவதே தகும் என்பது என் துணிபு. ‘நடன அமைப்பு’ பிழையன்று; ஆனால் ஆடல் என்ற சொல் கூத்தையும் பரதத்தையும் நவீன நடனத்தையும் ஒருசேரத் தழுவுகிறது. பல கலைஞர்கள் சேர்ந்து உருவாக்கிய படைப்பாயின் ‘கூட்டு ஆடலமைப்பு’ என்று போட்டு, அதன்கீழ் இசைஞர், ஓவியர் உட்பட அனைவர் பெயரையும் ஒரே அளவு எழுத்தில் அச்சிடலாம்.