ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் பரிசோதனை கட்டாயமா? இங்கிலாந்தில் உள்ள விதி

இங்கிலாந்தில் அரசின் என்.எச்.எஸ். சேவையில் பல் பார்த்துக்கொள்கிறவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போயே தீர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2004-இல் சொன்னது வேறு: ஒவ்வொருவரின் வாயையும் பார்த்துத்தான் அடுத்த தேதியை முடிவு செய்ய வேண்டும். பெரியவர்களுக்கு அது 3 மாதம் முதல் 24 மாதம் வரை இருக்கலாம். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 12 மாதத்தைத் தாண்டக் கூடாது.

அடிக்கடி சொத்தை விழுகிறவர், புகைபிடிப்பவர், சர்க்கரை நோயாளி ஆகியோரைச் சீக்கிரம் வரச் சொல்வார்கள். பல்லும் ஈறும் நன்றாக இருப்பவரிடம் "இரண்டு வருடம் கழித்து வாருங்கள்" என்றால், தட்டிக்கழிக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். 2,372 பெரியவர்களை நான்கு ஆண்டுகள் கவனித்து 2020-இல் வெளியான 'இன்டர்வல்' ஆய்வில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போனவர்களுக்கும் தேவையைப் பொறுத்துப் போனவர்களுக்கும் ஈறுகளின் நிலையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

18 வயதுக்கு உட்பட்டவர்கள், முழுநேரம் படிக்கும் 18 வயதினர், கர்ப்பிணிகள், குழந்தை பெற்று 12 மாதம் ஆகாத தாய்மார்கள் ஆகியோருக்குக் கட்டணம் இல்லை. மற்றவர்களில் பலர் முதல் நிலைக் கட்டணம், அதாவது இருப்பதிலேயே குறைந்த கட்டணம், செலுத்த வேண்டும். பரிசோதனை, தேவைப்பட்டால் எக்ஸ்ரே, காரை நீக்கம் எல்லாம் அதிலேயே அடக்கம். பல்லை வெண்மையாக்குவது அதில் வராது.

பெற்றோர் கேட்டு வாங்க வேண்டியது, சொத்தையைத் தடுக்கக் குழந்தைகளின் பல்லில் பூசும் புளோரைடு வார்னிஷ். 3 வயது முதல் ஆண்டுக்கு இருமுறை பூச வேண்டும் என்பது அரசின் பரிந்துரை. பல்லைத் துடைத்து, சிறு தூரிகையால் பிசுபிசுப்பான மருந்தைத் தடவுவார்கள். வலிக்காது, சில நிமிட வேலை. மருத்துவர் தாமாகச் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

வீட்டில் பற்பசைக் குழாயின் பின்புறம் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். புளோரைடு எவ்வளவு என்பது பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்ற அளவில் இருக்கும். 3 வயதுக்குள் குறைந்தது 1,000 பிபிஎம் புளோரைடு உள்ள பசையை லேசாகத் தடவினால் போதும். 3 முதல் 6 வயது வரை பட்டாணி அளவு. 7 வயதுக்கு மேல் 1,350 முதல் 1,500 பிபிஎம். துலக்கியதும் துப்பிவிட்டால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்கக் கூடாது. நான்கு முறை கொப்பளித்தே பழகிய நமக்கு இதுதான் கடினம். ஆனால் கொப்பளித்தால் புளோரைடும் கூடவே போய்விடும்.

ஒரு சிக்கல் உண்டு. பொது மருத்துவரிடம் இருப்பதுபோல் பல் மருத்துவரிடம் நிரந்தரப் பதிவு கிடையாது. நெடுநாள் போகாதவர்களின் பெயரைச் சில மருத்துவமனைகள் நீக்கிவிடுகின்றன. 24 மாத இடைவெளி கிடைத்தவர்கள், அதுவரை தங்கள் இடம் இருக்குமா என்று வரவேற்பு மேசையில் கேட்டுவிட்டே கிளம்புங்கள்.