'பியர் சப்போர்ட்': தமிழில் என்ன சொல்லலாம்?

சர்க்கரை, சிறுநீரகச் செயலிழப்பு, முடக்குவாதம் என்று நாட்பட்ட நோயோடு வாழ்பவர்கள் வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ கூடி, பட்டறிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதுதான் 'ஆன்லைன் பியர் சப்போர்ட்'. சென்னைப் பேச்சில் இது வெறும் 'குரூப்': "டயாலிசிஸ் குரூப்ல கேட்டுப் பாருங்க."

'பியர்' என்பதன் வேர் லத்தீனின் 'பார்'. சமம் என்று பொருள். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. தமிழில் அப்படியே எழுதினால் டாஸ்மாக் வாசல்தான் நினைவுக்கு வருகிறது.

'சகாக்கள் ஆதரவு' என்ற மொழிபெயர்ப்பில் கட்சி வாடை. தவிர, ஆதரவு என்றால் கொடுப்பவர் மேலே, வாங்குபவர் கீழே. துணை அப்படியல்ல. பேச்சுத்துணை, வழித்துணை எல்லாம் கூடவே இருப்பவரைக் குறிப்பவை.

யார் துணை? 950ஆம் குறள் மருத்துவத்துக்கு நான்கு கூறு சொல்கிறது: உற்றவன், தீர்ப்பான், மருந்து, உழைச்செல்வான். உற்றவன் நோயுற்றவன்; தீர்ப்பான் மருத்துவன்; உழைச்செல்வான் பக்கத்திலிருந்து கவனிப்பவன். நோயுற்றவரே இன்னொருவருக்கு உழைச்செல்வார் ஆவதுதான் பியர் சப்போர்ட். ஆகவே 'உற்றவர் துணை' பொருந்தும். 'உற்றார்' என்று எழுதிவிட்டால் சொந்தக்காரர்கள் வந்துவிடுவார்கள். நோட்டீசுக்கு 'சக நோயாளர் துணை' போதும்.

வாட்ஸ்அப்புக்கு வெகுமுன்பே இந்த ஊருக்கு இது பழக்கம். இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் தெரியவந்தது 1986இல், சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளில். தொற்றோடு வாழும் பெண்கள் தாங்களே 1998இல் பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்கை இங்கே தொடங்கினார்கள்.

துணைக்கு எல்லை உண்டு. 'எப்படி' என்பது துணையின் வேலை, 'எவ்வளவு' என்பது தீர்ப்பானின் வேலை. மின்சாரம் போன வெள்ள நாளில் இன்சுலினை எப்படிக் காப்பது? பாட்டிலை உறையில் போட்டு, மண்பானைத் தண்ணீரில் நனையாமல் வைக்கலாம் என்று பட்டவர் சொல்லலாம். "நான் 10 போடுறேன், நீங்களும் போடுங்க" என்பது கூடாது. இங்கே பாட்டில் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், பேனாவில் வருவது 100. பேனா மருந்தை 40க்கான சிரிஞ்சில் 10 என்ற கோடுவரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட்; சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். கோடு ஒன்றுதான், மருந்தின் செறிவுதான் வேறு.

அக்னி நட்சத்திரத்தில் "இளநீர் குடிங்க" என்பதும் அப்படியே. சர்க்கரை குரூப்பில் அது விவாதத்தோடு போகும். டயாலிசிஸ் குரூப்பில் ஆபத்து: இளநீரில் பொட்டாசியம் அதிகம், பழுதான சிறுநீரகம் அதை வெளியேற்றாது, இதயத் துடிப்பு தடுமாறும். நோய் வேறானால் 'சமம்' என்ற வேர்ப்பொருளே அறுந்துபோகிறது. ஒரே குரூப்பில் எல்லா நோயையும் சேர்க்காதீர்கள் என்று அட்மின்களிடம் சொல்வது அதனால்தான்.

ரிப்போர்ட் போடும்போது பெயர், செல்பேசி எண், க்யூஆர் குறியீடு மூன்றையும் வெட்டிவிட்டுப் போடுங்கள். பெயரை மட்டும் மறைத்தால், சில ஆய்வகங்களின் க்யூஆர் முழு ரிப்போர்ட்டையும் பெயரோடு திறந்து காட்டிவிடும்.